மின்சாரம் யாருக்காக? தொழிலாளர் துறையில் அண்ணல் அம்பேத்கரின் நான்கு ஆண்டுகள்

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்றும், சாதி ஒழிப்புப் போராளி என்றும், பௌத்தம் தழுவிய அறவோர் என்றும் நாம் போற்றுகிறோம். ஏப்ரல் 14 அன்றும் டிசம்பர் 6 அன்றும் சேரிதோறும் அவர் படத்துக்கு மாலை அணிவிக்கிறோம். ஆனால் 1942 முதல் 1946 வரை, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், இந்த நாட்டின் மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது என்பது மேடைகளிலும் பாடநூல்களிலும் அரிதாகவே பேசப்படுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் ஒடுக்கப்பட்ட மக்கள் இந்தப் பக்கத்தை அவசியம் படித்தாக வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி வரை நீளும் நிலப்பரப்பு தமிழ்நாட்டின் மின் உற்பத்தி மையங்களுள் ஒன்று. அத்திப்பட்டுக்கு அருகே வடசென்னை அனல்மின் நிலையமும், வல்லூரில் 1,500 மெகாவாட் திறன்கொண்ட மற்றொரு அனல்மின் நிலையமும் இயங்குகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் உலைகளும் உருட்டாலைகளும் அந்த மின்சாரத்தை இரவு பகலாக உண்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். மின்சாரம் இங்கே பிறக்கிறது. ஆனால் அதன் பயன் யாருக்கு, சுமை யாருக்கு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இந்தக் கேள்வியை முன்வைத்து அண்ணலின் வாழ்வைத் திரும்பிப் பார்க்கலாம்.

மண்ணெண்ணெய் விளக்கும் மின்சார டிராமும்

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் படைக்குடியிருப்பில் பிறந்த பீமாராவ், சுபேதார் ராம்ஜி சக்பாலின் பதினான்காவது பிள்ளை. ஓய்வுபெற்ற தந்தை குடும்பத்தோடு சதாராவிலும் பின்னர் பம்பாயிலும் குடியேறினார். பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால் குடியிருப்பு ஒன்றின் சிற்றறைதான் அக்குடும்பத்தின் வீடு. சமையல், உறக்கம், படிப்பு எல்லாம் அங்கேயே. பின்னிரவில் தந்தை எழுப்பிவிட, மண்ணெண்ணெய் விளக்கின் நடுங்கும் ஒளியில் அவர் பாடம் படித்தார். 1907 இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். அதே ஆண்டில்தான் பம்பாய்த் தெருக்களில் குதிரைகள் இழுத்த டிராம்களுக்கு மாற்றாக மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. 1915 இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கோபோலியில் டாடா நிறுவனத்தின் புனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, பம்பாயின் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் அனுப்பியது. தொழிலாளரின் குடியிருப்புக்கு முன்பே அவர்கள் உழைத்த ஆலைக்கு நவீனம் வந்து சேர்ந்தது.

பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913 இல் அம்பேத்கர் நியூயார்க் சென்றார். சுரங்க ரயிலும் மின்விளக்குகளும் அன்றாட வாழ்வாகிவிட்ட நகரம் அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, பின் இலண்டன் சென்று, 1917 இல் நாடு திரும்பினார். உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியேற்கச் சென்றபோது அவருக்குத் தங்க இடம் கொடுக்க எவரும் முன்வரவில்லை. பார்சி விடுதி ஒன்றில், தாம் பார்சி அல்லர் என்பதை மறைத்துத்தான் அவர் தங்க முடிந்தது. அவருக்கு ஒதுக்கப்பட்ட மாடியில் மின்விளக்கு இல்லை. எண்ணெய் விளக்கும் இல்லை. விடுதிக் காவலர் கொண்டுவரும் அரிக்கேன் விளக்கின் ஒளி சில அங்குலத்துக்கு அப்பால் எட்டவில்லை. பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தவருக்கும் சொந்த நாடு அளித்தது இருட்டைத்தான். இந்நிகழ்வை அவரே பின்னாளில் தன்வரலாற்றுக் குறிப்பாக எழுதி வைத்தார்.

அடுத்த ஆண்டே, 1918 இல், இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதே வேளாண்மையின் நோய் என்று அறிஞர்கள் பலர் எழுதிவந்த காலம் அது. அவரோ, தேவைக்கு மேற்பட்ட மக்கள் நிலத்தையே நம்பிக் கிடப்பதுதான் மூலநோய் என்றார். அதற்கு மருந்தாகத் தொழில்மயத்தைப் பரிந்துரைத்தார். நிலமற்ற சாதியில் பிறந்த ஒருவர் பொருளியல் மொழியில் எழுதிய விடுதலைத் திட்டமாகவே அதை நாம் படிக்கிறோம். ஊரையும் நிலத்தையும் விட்டு வெளியேற வழியில்லாதவரை பண்ணையாரின் பிடி தளராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இயந்திரத்தைத் தொடும் உரிமை

ஆலை வந்துவிட்டால் சாதி தானாக ஓடிவிடும் என்ற மயக்கம் அவருக்கு இருந்ததில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளே அதற்குச் சான்றாயின. அங்கே நூற்புப் பிரிவில் தீண்டப்படாதோர் வேலை செய்யலாம். கூலி கூடுதலாகக் கிடைக்கும் நெசவுப் பிரிவில் நுழைய முடியாது. காரணம் ஒரு சிறு கருவி. தறியின் ஓடத்தில் நூல் தீர்ந்து புதுக் கண்டு மாற்றும்போது, நெசவாளி ஓடத்தின் துளையில் வாய் வைத்து உறிஞ்சி நூலை வெளியே இழுப்பார். ஒருவர் வாய் வைத்த ஓடத்தை மற்றவரும் பயன்படுத்த வேண்டும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட ஓடத்தைத் தொடச் சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இதே பழக்கம் நோய் பரவும் வழி என்று பேசப்பட்டது. பம்பாயில் அது தீட்டாகியது. கருவி ஒன்றேதான். அதைச் சூழ்ந்திருந்த சமூகம்தான் வேறு.

1928 ஆம் ஆண்டின் மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவு எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்க்குமாறு தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் வலியுறுத்தினார். வர்க்க ஒற்றுமை பேசியோர் இந்தக் கோரிக்கைக்கு முதலிடம் தரவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாட் நகரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவர் இதே உண்மையை விரிவாக எடுத்துரைத்தார். ரயில்வேயில் தீண்டப்படாதோர் தண்டவாளப் பராமரிப்புக் கூலிகளாகவே இருந்தனர். ரயில் நிலையச் சுமையாள் வேலைகூட அவர்களுக்கு அரிது. சுமையாள் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்ததால் தீட்டு குறுக்கே நின்றது. பணிமனைகளில் இயந்திரப் பணியாளராக உயரும் வாய்ப்பும் அடைபட்டிருந்தது. இந்நாட்டின் தொழிலாளருக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என இரண்டு பகைவர்கள் உண்டென்று அவர் அங்கே அறிவித்தார். பார்ப்பனியம் என்று அவர் குறித்தது ஒரு சாதியாரை அன்று. சமத்துவத்தை மறுக்கும் மனப்பாங்கையே.

மின்சாரம் ஒரு பொதுக் கடமை

1942 ஜூலையில் அவர் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். தொழிலாளர் துறை என்ற பெயருக்குள் சுரங்கம், பொதுப்பணி, பாசனம், மின்சாரம் எனப் பல பொறுப்புகள் அடங்கியிருந்தன. போர் நடந்துகொண்டிருந்தது. நிலக்கரித் தட்டுப்பாடு ரயிலையும் ஆலையையும் அச்சுறுத்தியது. மின்சாரமோ 1910 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனங்களின் கையில், பெரும்பாலும் நகரங்களுக்குள் அடங்கிக் கிடந்தது. சென்னையில் பேசின் பாலத்து மின்நிலையத்தை நடத்தியதும் தனியார் நிறுவனமே. மாநகராட்சியின் வரவேற்பைப் பெற அம்பேத்கர் 1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்தபோதும் அந்நிலையே நீடித்தது. 1947 இல்தான் சென்னை மாகாண அரசு அந்நிறுவனத்தைக் கையகப்படுத்தியது.

1943 அக்டோபர் 25 அன்று, போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கான பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கினார். மின்சாரம் தனியார் உடைமையா அரசு உடைமையா, பொறுப்பு மத்திய அரசுக்கா மாகாணங்களுக்கா, எந்த அமைப்பின் வழியாக வழங்கினால் விலை குறையும் என்ற கேள்விகளை அவர் அங்கே வரிசைப்படுத்தினார். இவற்றுக்கெல்லாம் அவர் ஒரே உரைகல்லைத்தான் வைத்திருந்தார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காவிட்டால் தொழில்மயம் வெல்லாது; தொழில்மயம் வெல்லாவிட்டால் வறுமைச் சுழலிலிருந்து மக்களை மீட்க இயலாது. ஆகவே இலாபம் கிடைக்கும் இடத்துக்கு மட்டும் கம்பி இழுக்கும் ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை.

1944 இல் மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. 1945 இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் உருவானது. 1943 இல் தாமோதர் ஆற்றின் வெள்ளம் கரையை உடைத்துக் கல்கத்தாவின் ரயில் தொடர்பைத் துண்டித்திருந்தது. அந்த ஆற்றை வெறும் வெள்ளத் தடுப்புக்காக மட்டும் அணுகாமல், அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தைப் போல, பாசனம், மின்சாரம், நீர்வழி அனைத்துக்குமாகச் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று 1945 இல் கல்கத்தாவில் நடந்த கூட்டங்களில் அவர் வலியுறுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் கட்டாக்கில் மகாநதி குறித்தும் அதே பார்வையை முன்வைத்தார். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமும் ஹிராகுட் அணையும் பின்னர் அவ்வழியிலேயே எழுந்தன. அந்த அணைகளுக்காக நிலமிழந்தோருள் ஆதிவாசிகளும் தலித்துகளும் பெருந்தொகையினர் என்பதையும் நாம் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

1948 செப்டம்பரில் மின்சார (வழங்கல்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கான முன்பணிகள் அம்பேத்கரின் துறையில்தான் தொடங்கியிருந்தன. மாநிலங்கள்தோறும் மின்வாரியங்கள் அமைய அச்சட்டமே வழிவகுத்தது. நம் மாநிலத்தில் 1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் பிறந்தது. அதைப் பார்க்க அண்ணல் உயிரோடு இல்லை. 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் அவர் மறைந்திருந்தார்.

நிலக்கரிக்குப் பின்னால் இருந்த மனிதர்கள்

மின்சாரத்தைப் பற்றி எழுதிய அதே கையால் அவர் தொழிலாளர் சட்டங்களையும் எழுதினார் என்பதே அந்நான்கு ஆண்டுகளின் சிறப்பு. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயல்களுக்கு நேரில் சென்று, சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்வையிட்டார். 1944 தொடக்கத்தில், நிலக்கரி மீது விதிக்கப்படும் தீர்வையிலிருந்து தொழிலாளரின் நலனுக்கு ஒரு நிதி உருவாக்கப்பட்டது. எரிபொருளின் விலைக்குள்ளேயே அதை வெட்டியெடுப்பவரின் வீடும் மருத்துவமும் அடங்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருந்தது.

இக்காலத்தின் கசப்பான முடிவு ஒன்றும் உண்டு. போர்க்காலத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதற்கு இருந்த தடையை அரசு 1943 இல் நீக்கியது. சட்டமன்றத்தில் அம்முடிவை ஆதரித்துப் பேசும் பொறுப்பு அம்பேத்கருக்கு வந்தது. தற்காலிக ஏற்பாடு என்றும், ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் தரப்படும் என்றும் அவர் விளக்கினார். 1946 தொடக்கத்தில் தடை மீண்டும் வந்தது. ஆற்றல் நெருக்கடி வரும்போது அதன் சுமை முதலில் எவர் தலையில் இறங்குகிறது என்பதற்கு இது சான்று. நம் தலைவரின் பணிக்காலத்தில் நிகழ்ந்தது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தின் வழியே வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 இல் அவர் அறிமுகப்படுத்தினார். இவற்றுக்கு முன்பே, 1942 அக்டோபரில் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்கும்படி கோரினார். நெசவுப் பிரிவில் அடைபட்டிருந்த கதவை அவர் மறக்கவில்லை. 1943 இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டும் மூன்றில் ஒரு பங்கும் விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது.

காந்தியும் காங்கிரசும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று வினவும் தம் 1945 ஆம் ஆண்டு நூலில், இயந்திரத்தை வெறுக்கும் பார்வையை அவர் கடுமையாக மறுத்தார். உடலுழைப்பிலேயே ஒருவரின் வாழ்நாள் முழுதும் கழியுமானால் அவருக்கு ஓய்வும் பண்பாடும் எங்ஙனம் வாய்க்கும் என்பது அவர் வாதம். இயந்திரம் தீங்கு செய்கிறது என்றால் குற்றம் இயந்திரத்துடையதன்று. அதன் பயனைச் சிலர் மட்டும் கைக்கொள்ளும் சமூக அமைப்பினுடையது. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமைக்கும், கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளுக்கும் இன்னமும் சாட்சியாக நிற்கும் நமக்கு இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை. விண்ணுக்கு ஏவுகலன் அனுப்பும் நாட்டில் தொட்டிக்குள் இறங்க இயந்திரம் வந்து சேராததற்குத் தொழில்நுட்பக் குறைபாடு காரணம் அன்று.

எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

1947 மார்ச்சில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்கு அளித்த அறிக்கையில், முதன்மைத் தொழில்களை அரசே உடைமையாக வைத்து நடத்த வேண்டும் என்று அம்பேத்கர் எழுதினார். அந்த அளவுகோலால் நம் பகுதியைப் பார்த்தால் விந்தையான ஒரு காட்சி தென்படுகிறது. 1970களில் இயங்கத் தொடங்கி 2017 இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990களில் உருவான வடசென்னை நிலையமும், வல்லூர் நிலையமும் எல்லாமே பொதுத்துறை சார்ந்தவை. அவர் கேட்ட அரசு உடைமை இங்கே நிறைவேறியிருக்கிறது. ஆயினும் அவர் கேட்ட நீதி நிறைவேறவில்லை.

எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்கள் வழியே சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் சாம்பல் படிந்து மேடாகியுள்ளது. செப்பாக்கம் போன்ற ஊர்கள் சாம்பல் குளத்தை ஒட்டியே மூச்சுவிடுகின்றன. சேற்றில் கைவிட்டு இறால் பிடித்து வாழ்ந்த இருளர்களும், கழிமுகத்தில் வலைவீசிய மீனவர்களும் தொழிலிழந்து நிற்கின்றனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை இவ்வழக்குகள் சென்றுள்ளன. 2012 இல் மாநிலமே மின்வெட்டில் தவித்தபோது, சென்னை மாநகருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும் மாநகருக்கு வெளியே அதைப்போல் பல மடங்கும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 புலம்பெயர் தொழிலாளர்கள் மாண்டனர்.

இதை எவ்வாறு புரிந்துகொள்வது? அம்பேத்கரின் மின்சாரக் கொள்கையில் பாதியை மட்டும் அரசுகள் எடுத்துக்கொண்டன என்பதே நம் மதிப்பீடு. உடைமை அரசுக்கு வந்தது. மன்மாட் மாநாட்டில் அவர் சுட்டிய மற்றொரு பகை அப்படியே நீடித்தது. எந்த நிலம் மதிப்பற்றது, எந்த மக்களின் ஆறு பாழானாலும் கேள்வி எழாது என்ற தீர்மானங்கள் சாதியின் கணக்குப்படியே எடுக்கப்பட்டன. ஊருக்குக் கம்பி போனதையும் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போனதையும் மின்வாரியம் நெடுங்காலம் தனித்தனிக் கணக்காகவே காட்டிவந்தது. சேரிக்குக் கிடைத்தது ஒரு விளக்கு. ஆலைக்கு உயர் அழுத்தக் கம்பி. மின்நிலையங்களில் நிலக்கரியையும் சாம்பலையும் கையாளும் வேலை ஒப்பந்தத் தொழிலாளருக்கும், கட்டுப்பாட்டு அறை வேறு சிலருக்கும் என்ற பிரிவினை, பம்பாய் ஆலையின் நூற்புப் பிரிவையும் நெசவுப் பிரிவையுமே நமக்கு நினைவூட்டுகிறது.

1940களில் எவரும் அனல்மின் சாம்பலைக் குறித்தோ காலநிலை மாற்றத்தைக் குறித்தோ கொள்கை வகுக்கவில்லை, அம்பேத்கரும் வகுக்கவில்லை. ஆனால் நிலக்கரியின் விலைக்குள் சுரங்கத் தொழிலாளரின் நலத்தைச் சேர்த்த அவரது முறை இன்றைக்கும் பொருந்தும். ஒரு யூனிட் மின்சாரத்தின் விலைக்குள் கழிமுகத்தை மீட்கும் செலவும், செப்பாக்கம் மக்களின் மறுவாழ்வும், ஒப்பந்தத் தொழிலாளரின் பணிப் பாதுகாப்பும் அடங்க வேண்டும். 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கித் தனியாருக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு, இக்கோரிக்கை மேலும் அவசரமாகிறது. பழைய நிலையங்கள் மூடப்பட்டுச் சூரிய ஒளியும் காற்றாலையும் அவற்றின் இடத்துக்கு வரும்போது, புதிய தொழில்நுட்பத்தில் பயிற்சியும் நிரந்தர வேலையும் இதுவரை சாம்பலைச் சுமந்தவர்களுக்கே முதலில் தரப்பட வேண்டும்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் தலித் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த அம்பேத்கர் பிறந்தநாளில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. மாலையோடு சேர்த்து இந்த மனுவையும் அன்று மாவட்ட ஆட்சியரிடம் கொண்டு செல்வோம்.